ஒன்றரை ஷிஃப்ட்

இந்த மாசம் அஞ்சாம் தேதி
வெள்ளிக்கிழமையில் வந்து விழுந்துவிட்டது.
சம்பளம் சனிக்கிழமை பொழுதோட.
ஒரே ஒரு நாள்தான் இடைவெளி,
அதற்கு எவ்வளவு ஆகும் என்று
வியாழக்கிழமை டீ நேரத்தில்
அட்டைப் பெட்டியின் மேல் எழுதிப் பார்த்தேன்.

கணக்கில் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தேழு, நாற்பது காசு.
வண்டித் தவணை இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
இல்லை என்று திரும்பிப் போனால்
பேங்க் ஐநூறு எடுக்கும்,
எடுத்ததற்குத் தொண்ணூறு வரி.
பைனான்ஸ்காரன் தன் பங்குக்கு நானூற்றைம்பது.
ஆக ஆயிரத்து நாற்பது.

திருப்பூரில் அதற்கு ஒன்றரை ஷிஃப்ட் என்று பேர்.
காலை எட்டரைக்கு லைட்டுக்கடியில் நின்றால்
ராத்திரி எட்டரை வரைக்கும்
எந்த ஊர்க் குழந்தையோ போடப்போகும் பனியனில்
ஓட்டை தேடுவது,
தையல் விட்டதைத் தேடுவது,
எண்ணெய்க் கறை கண்டால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அக்கட்டால தள்ளுவது.
அத்தனையும் இல்லாத காசுக்கு அபராதமாகப் போகும்.

கான்ட்ராக்டரிடம் கேட்டேன்.
"சனிக்கெழமை ஒட்டுக்கா வாங்கிக்குங்" என்றார்.
சனிக்கிழமை எனக்கே தெரியும்.

எங்களுக்குள் ஒரு எண்ணூறு ரூபாய் இருக்கிறது.
கலாமணிக்கு ரெண்டாந் தேதி,
எனக்கு அஞ்சு,
பவர் டேபிள் நாச்சிமுத்துக்குப் பத்து,
ஒடிசாப் பையன் சுதாமுக்கு இருபத்தொண்ணு.
ஒருவர் கண்டம் தாண்டியதும்
அடுத்தவருக்குத் தாட்டிவிடுவோம்.
இந்த முறை யார் கையில் என்று விசாரித்தால்
நாச்சிமுத்திடம், நோட்டாக.
போன் விழுந்து கண்ணாடி போய்விட்டதாம்.

மெஷினை நிறுத்தாமலே
சட்டைப் பையைக் காட்டினார், எடுத்துக்கொண்டேன்.
"இது ஆரு காசுங் மொதல்ல?"
"தெரியிலீங். சித்திரையில சுதாம் குடுத்தான்."
சுதாம் கலாமணி அக்கா தந்தது என்கிறான்.
கலாமணி மாகாளியம்மன்மேல் சத்தியம் பண்ணுகிறாள்,
நாச்சிமுத்து கொடுத்ததென்று.

ராத்திரி ஒன்பதே கால்.
பி.என். ரோட்டில் பணம் போடும் மெஷின்,
எனக்கு முன்னால் நாலு பேர்.
நாலு பேருக்கும் அஞ்சாம் தேதி என்று
நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.
என் முறை வந்தது.
நூறை வாங்கிக்கொண்டது.
இருநூறை வாங்கிக்கொண்டது.
ஐநூறைத் துப்பியது.
திருப்பிப் போட்டேன், துப்பியது.
தொடையில் வைத்து நீவிப் போட்டேன்,
சித்த ரோசனை பண்ணிவிட்டுத் துப்பியது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
காந்தித் தாத்தாவின் காதோரம்
மெஷின் எண்ணெய்,
பெருவிரல் அகலத்துக்கு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன்.

பின்னால் நின்ற பையன்
டையிங்கில் வேலை போலிருக்கு, நகமெல்லாம் ஊதா,
ஒன்றும் கேட்காமல் தன் ஐநூறை நீட்டி
என்னுதை வாங்கிப் பையில் வைத்தான்.
"பெட்ரோலுக்குக் குடுத்துக்கறனுங்."

விடிகாலை நாலு ஐம்பதுக்கு போன் மினுங்கியது.
எடுத்துவிட்டார்கள்.
மீதி நாற்பத்தேழு ரூபாய் நாற்பது காசு.
எழுந்து அரிசி களைந்தேன்.
எதையோ ஜெயித்த மாதிரியும் இருந்தது,
எதை என்று தெரியாத மாதிரியும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம்
நாச்சிமுத்து கட்டில் ஒரு பீஸ்,
கழுத்தோரம் எண்ணெய்,
அதே பெருவிரல் அகலம்.
ஸ்டிக்கரை உரித்துக் கையில் வைத்திருந்தேன்.
பவுடர் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.
ஒட்டினேன்.

"ஏனுங், நேத்துத்தான காசு குடுத்தேன்?"
"அது ஆரு காசோ, போங்."

அவர் சிரித்துக்கொண்டே
கழுத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.
பத்தாந் தேதிக்கு இன்னும் அஞ்சு நாள்.